தெரு யாருக்கு? சுவர் யாருக்கு?

தக்கலைக்கு அருகே, பத்மநாபபுரம் அரண்மனையில், உப்பரிகை மாளிகை என்று ஒன்று உண்டு. நான்கு தளங்கள். உச்சியில் உள்ள அறை மன்னன் உறங்குவதற்கு அன்று. மன்னனுக்கும் மன்னன் என்று சொல்லப்பட்ட பத்மநாபசாமி பள்ளிகொள்வதற்கு! நாஞ்சில் நாட்டின் புகழ்வாய்ந்த சுவரோவியங்கள் அந்த அறையிலேதான் இருக்கின்றன. அரவணைமேல் துயிலும் அனந்தசயனன், ஆயர்பாடிக் கண்ணன், சாத்தன், தேவியர் எனச் சுவர் முழுவதும் தெய்வத் திருக்கூட்டம். செங்காவியும் மஞ்சட்காவியும், பச்சையும் கருமையும், சுண்ணாம்பின் வெண்மையும் கூடி, இருநூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் ஒளி குன்றாதிருக்கின்றன என்று கண்டவர்கள் கூறுகின்றனர். கண்டவர்கள் கூறுகின்றனர் என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது! ஏனெனில், கட்டணம் செலுத்தி அரண்மனை காணவரும் பொதுமக்களுக்கு அந்த மேல்தளம் பொதுவாகத் திறக்கப்படுவதில்லை. நிறம் கெடாமல் காக்க மூடிவைத்திருக்கின்றனர், அது முறையே. ஆனால், காக்கவேண்டும் என்ற எண்ணமே பிறவாத காலத்திலும் அந்தக் கதவு மக்களுக்குத் திறந்திருக்கவில்லை.

ஓவியத்தை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. சாந்து பூசி, அதன்மேல் சுண்ணாம்பு நீரையும் இளநீரையும் கலந்து பன்முறை தடவி, உலர்ந்தபின், வேப்பம் பிசினிலே குழைத்த நிறங்களைப் பொறுமையாகத் தீட்டிய கைகள் பெருங்கைகள். விளக்குப் புகையைத் திரட்டிக் கருமையாக்கிய அறிவு பேரறிவு. அந்தக் கைகளுக்கு உரியவர் யார்? பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு வரி இல்லை. தன் நாட்டை 1750-ஆம் ஆண்டில் பத்மநாபனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்மநாபதாசர் என்று பட்டம் சூடிக்கொண்ட மார்த்தாண்ட வர்மரின் பெயர் மட்டும் நமக்கு நன்றாகத் தெரிகிறது. தீட்டியவன் பெயரற்றவன், கண்டு களித்தவன் மன்னன், உழைத்து நெல் அளந்தவனோ அந்த மாடிப்படிக்கும் வரமுடியாதவன். கலை இருந்தது, தோழர்களே! மக்கள்தாம் அங்கே இல்லை.

மாளிகையை விட்டுத் தெருவுக்கு வருவோம். நமது பொருள் தெருவில்தான் இருக்கிறது.

அண்மைக் காலமாக ஒரு நல்ல பழக்கம் பரவிவருகிறது. ஒரு தெருவில் வாழ்வோர் ஒன்றுகூடி, தம் தெருச் சுவரிலே, சில நாடுகளில் நடுச்சாலையிலேயே, ஓவியம் தீட்டுகின்றனர். அமெரிக்காவிலே போர்ட்லாந்து நகரில் 1996-இல் அக்கம்பக்கத்தார் கூடி ஒரு நாற்சந்தியை வண்ணத்தால் நிறைத்தனர். முதலிலே முகம் சுளித்த நகராட்சி, பின்னர் அதற்கென விதியே வகுத்து இடம் கொடுத்தது. இதனைக் கேட்கும் நம் இளைஞர்கள் சிலர், ‘நமது ஊரிலும் செய்தாலென்ன?’ என்கின்றனர். செய்யுங்கள். ஆனால் நாஞ்சில் நாட்டிலே, ‘தெருவோவியம்’ என்ற சொல்லின் பின்பாதிக்கு வருமுன் முன்பாதியிலேயே நம் கால் தடுக்குகிறது. தெரு! அது யாருடையது?

சுசீந்திரத்தைக் கேளுங்கள். அங்கே கோபுரத்தின் உட்புறச் சுவர்களிலும் அழகிய ஓவியங்கள் உண்டு. அந்தக் கோபுரம் நிழல் விழுத்தும் தெருக்களிலே நடப்பதற்காக 1926-ஆம் ஆண்டில் அறப்போர் நடத்தவேண்டியிருந்தது! ஓவியத்தைக் காண்பதற்கு அன்று, கோவிலுக்குள் நுழைவதற்குங்கூட அன்று; தெருவிலே நடப்பதற்கு! மருத்துவர் எம்பெருமாள் நாயுடு முன்னின்று நடத்திய போர் அது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1924-இல், வைக்கத்துத் தெருவுக்காகப் பெரியார் இருமுறை சிறை சென்றார். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் அரசர் ஆணையிட்ட பிறகே கோவிற்கதவு திறந்தது. அதற்கும் முன்னே, மார்பை மறைத்துத் துணி அணிந்து தெருவில் நடக்கவேண்டும் என்பதற்காக 1859 வரை பெண்கள் அடிபட்ட நாடு இது. நாய் நடந்த தெரு, மாடு நடந்த தெரு, மனிதன் நடக்கக் கூடாத தெரு. அந்தத் தெருவின் சுவரிலே இன்று நாம் வண்ணம் தீட்டப்போகிறோம் என்றால், அது வெறும் வண்ண வேலையாக எப்படி இருக்கமுடியும்?

ஆகவே, தெருவோவியத்தைத் திறனாய்வோர் கோட்டையும் குழைவையும் மட்டும் அளந்தால் போதாது. தூரிகை யார் கையில் இருந்தது, எதை வரைவது என்று முடிவு செய்த கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார், யார் நின்றுகொண்டிருந்தார், யார் அழைக்கப்படவே இல்லை என்பனவும் ஓவியத்தின் பகுதிகளே. சட்டத்துக்குள் அடங்கும் படத்திற்கு இந்தக் கேள்விகள் மிகையாகலாம். தெருச்சுவருக்குச் சட்டம் இல்லை, தெருவே அதன் சட்டம்.

தமிழகத்திலே இவ்வகையில் பெரிதும் பேசப்பட்டது சென்னைக் கண்ணகி நகர். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட மக்களை, 2000-ஆம் ஆண்டிலிருந்து, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. கண்ணகி நகரிலும் அடுத்துள்ள எழில் நகரிலுமாக 23,000-க்கு மேற்பட்ட வீடுகள். வேலை நகரில், வீடு நகரின் விளிம்பில். நகரத்தின் குப்பையை வாரியவர்கள், சுமை தூக்கியவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள் எல்லோரையும், ‘உங்கள் உழைப்பு வேண்டும், உங்கள் முகம் வேண்டா’ என்று கூறாமற் கூறித் தொலைவில் நிறுத்திய ஏற்பாடு. போதாக்குறைக்கு, அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே வேலை கொடுக்கத் தயங்கும் வீணர் கூட்டம் வேறு!

அங்கே 2020-இல், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, மாநகராட்சியின் ஒப்புதலோடும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் துணையோடும், அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களை மாபெரும் ஓவியங்களாக்கியது. சென்னை ஓவியரும் வந்தனர், வெளிநாட்டு ஓவியரும் வந்தனர். முகங்கள், பறவைகள், கோலங்கள், கட்டங்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள். மங்கிய சாம்பற் சுவர்களுக்கு நடுவிலே வளர்ந்த சிறுவன், தன்னைப்போன்ற முகம் நான்கு மாடி உயரத்திற்குச் சிரிப்பதைக் கண்டால் அவன் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். அதனைச் சிறிதென்று கூறமாட்டோம். கண்ணகி நகருக்குப் படமெடுக்க ஆட்கள் வந்தனர். ஏடுகளில் அதன் பெயர் குற்றச் செய்திக்காக அன்றிக் கலைச் செய்திக்காக அச்சேறியது. இதுவும் உண்மை.

எனினும் நமது கேள்வியைக் கேட்போம். அந்தச் சுவரிலே எது வரவேண்டும் என்று சொல்லும் உரிமை, அந்தச் சுவருக்குப் பின்னே வாழ்ந்தவளுக்கு எவ்வளவு இருந்தது? ஓவியங்களிலே முகங்கள் உண்டு. ஆனால் கூவங்கரையில் இருந்த குடிசை உண்டா? வீடு பெயர்க்கப்பட்ட நாள் உண்டா? பேருந்துக்குக் காத்துக் கால்கடுத்த விடியற்காலை உண்டா? சாயம் விற்கும் நிறுவனம் சாயம் கொடுத்தது. அது தன் வணிகத்தைச் செய்தது, அதிலே வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், தண்ணீரும் பேருந்தும் பள்ளியும் கேட்ட மக்களுக்கு அழகு முந்திவந்து சேர்ந்ததும், அதனையே மறுமலர்ச்சி என்று நாம் கொண்டாடத் துணிந்ததும்தான். சுவருக்கு நிறம் கிடைத்தது. சுவருக்குள் இருப்பவன் கேட்டது கிடைத்ததா என்று கேட்கும் பழக்கத்தை நிறம் மழுங்கடித்துவிடக் கூடாது. 2025 அக்டோபரில், பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியிலே இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியிலே ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண் என்பதைத் தமிழகமே பேசிற்று. சுவரில் வரைந்த எந்த முகத்தைக் காட்டிலும் அந்த ஒரு முகம் அந்நகரின் பெயரைத் துலக்கியது. ஏன்? அந்தப் படத்தை வேறொருவர் வந்து வரையவில்லை.

வெளியிலிருந்து ஓவியன் வரவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டா. மெக்சிகோ நாட்டிலே, புரட்சிக்குப் பின், 1921-இல் கல்வி அமைச்சரான வாஸ்கான்செலோஸ் பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கேரோஸ் ஆகிய மூவரும் எழுதப் படிக்கத் தெரியாத உழவனுக்கு அவனுடைய வரலாற்றைச் சுவரிலே எழுதிக் காட்டினர். சுவர் நூலாயிற்று. ஆனால், அதே ரிவேரா நியூயார்க்கிலே ராக்பெல்லர் மாளிகையின் சுவரில் லெனினை வரைந்தபோது, கூலி கொடுத்த கையே சம்மட்டியையும் எடுத்தது. 1934-இல் அந்த ஓவியம் தூள்தூளாக்கப்பட்டது. சிக்கேரோஸ் லாஸ் ஏஞ்சல்சிலே 1932-இல் வரைந்த சுவர்மீது வெள்ளையடித்து மூடினர். சுவர் எவனுடையதோ, அவன் முடிவு செய்தான்.

சிகாகோவின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலே 1967-இல் ஓவியர் சிலர், ஒரு பழங்கட்டடத்தின் சுவரிலே தம் இனத்தின் அறிஞரையும் பாடகரையும் வீரரையும் தீட்டினர். ‘மதிப்புச் சுவர்’ என்று அதற்குப் பெயர். தெருவார் காவல் காத்தனர், சுவரின் முன்னே கூட்டம் கூடிற்று, கவிதை பாடினர், இசை முழங்கினர். 1971-இல் தீப்பற்றிய பிறகு கட்டடமே போயிற்று. போனாலும், அதனைப் பார்த்துப் பிற நகரங்களில் எழுந்த சுவர்கள் பல. லாஸ் ஏஞ்சல்சிலே ஜூடித் பாக்கா என்ற ஓவியப் பெண்மணி, 1976 முதல் 1983 வரை, வெள்ளநீர்க் கால்வாய்ச் சுவரிலே 2,754 அடி நீளத்திற்குக் கலிபோர்னியாவின் வரலாற்றைத் தீட்டச் செய்தார். தீட்டியவர்கள் அந்நகரின் ஏழை இளைஞர்கள், நானூறு பேருக்கு மேல். ஒருவரையொருவர் எதிரி என்று கருதிய தெருக்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. பள்ளிப் பாடநூலில் இடம்பெறாத மக்களின் கதையை முதலில் கற்று, பின்னர்த் தீட்டினர். பாக்கா ஓவியர்தான்; கோடு அவர் கற்பித்தது. ஆனால் அவர் வந்தது முடிவான படத்தோடு அன்று, கேள்வியோடு வந்தார்.

இனி நமது வீட்டுக் கணக்கு. நமது இயக்கம் சுவரை அறியாததா? அச்சு இயந்திரம் வாங்கப் பணமில்லாத காலத்தில் தெருச்சுவரே நமது ஏடு. பகலெல்லாம் உழைத்த தோழர்கள் இரவிலே கூடிச் சுவருக்கு வெள்ளையடித்து, வாணியிடம் கடன் சொல்லி வாங்கிய நீலத்தையும் காவியையும் வச்சிரத்தோடு கரைத்து, நுனியை நாராக அடித்த மட்டையால் எழுத்தெழுத்தாகத் தீட்டினர். விளக்குப் பிடித்தவன் ஒருவன், ஏணி பிடித்தவன் ஒருவன், எழுத்துக் கூட்டிப் படித்துப் பிழை திருத்தியவன் ஒருவன். அந்தப் பிழை திருத்தியவன் தையற்காரனாயும் இருந்தான், முடிதிருத்துபவனாயும் இருந்தான். 1952 ஆகஸ்டில் தொடர்வண்டி நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசப்பட்டதும் சுவர்க்கலையின் வரலாற்றிலே ஒரு வரிதான். அழிப்பதும் ஒருவகை எழுத்து! 1959-இலேயே பொதுவிடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. எது அலங்கோலம், எது கோலம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை அந்நாளில் வழக்கைச் சந்தித்தோர் அறிவர்.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு ஓடிவிடுவது நேர்மை ஆகாது. அந்தச் சுவரிலே பிறகு என்ன நேர்ந்தது? கருத்து இருந்த இடத்தில் முகம் வந்தது. முகம் வந்த இடத்தில் இன்னும் பெரிய முகம் வந்தது. ‘இந்தச் சுவர் இன்ன ஆண்டு வரை இன்ன கட்சிக்கு’ என்று எழுதி வைத்துவிட்டுப் போகும் வழக்கம் எல்லாக் கட்சிகளிலும் வந்தது. சுவரிலே ஒன்றும் எழுதாமல், எழுதும் உரிமையை மட்டும் எழுதிவைக்கும் இந்த விந்தையை வேறெந்த நாட்டிலாவது கண்டீர்களோ? பின்னர் ஒளியச்சுப் பதாகை வந்து, மட்டையும் நீலமும் மூலையிலே சாய்ந்தன. ஊருக்கு ஒருவராவது இருந்த சுவரெழுத்துக் கலைஞர்களுக்கு வேலை போயிற்று. சென்னை மாநகராட்சி 2009, 2010 ஆண்டுகளில் சுவரொட்டிகளை அகற்றித் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைச் சாலைச் சுவர்களில் வரையச் செய்தபோது, திரைப்படப் பதாகை வரைந்து பிழைப்பிழந்திருந்த ஓவியர் சிலர்க்கு மீண்டும் கூலி கிடைத்தது. அதை வரவேற்றோம். ஆனால் அது தெருவாரின் ஓவியமன்று. தெருவார் கடந்துபோகும் ஓவியம்.

வேறொரு வகைச் சுவரோவியமும் நம் நாட்டில் உண்டு; அதனைக் கூறாமல் விடலாகாது. சுற்றுச்சுவரின் அடியிலே, முழங்கால் உயரத்தில், வரிசையாகக் கடவுளர் படங்கள்! கலைவெறியால் வரைந்தது அன்று, பக்தியால் பதித்ததுமன்று. அங்கே யாரும் சிறுநீர் கழிக்காமல் இருப்பதற்காக! அண்டமெல்லாம் காப்பவன் என்று போற்றப்படுகிறவனுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலையைப் பாருங்கள். பிள்ளையார், அடுத்து ஏசு, அடுத்து பிறை. ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத மத ஒற்றுமை அந்த முழங்கால் உயரச் சுவரிலே கிடைக்கிறது! கழிப்பிடம் கட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கடவுள் மலிவு. அதனால்தான் நகரத் தந்தையர் சிலரும் இந்த ஏற்பாட்டைக் கண்டும் காணாமலும் இருக்கின்றனர் போலும். தெருவோவியம் என்றதும், ‘சுவரில் சாமி படம் வரைந்துவிட்டால் தூய்மையாக இருக்கும்’ என்று உங்கள் தெருக்கூட்டத்திலே ஒரு பெரியவர் எழுந்து கூறுவார். அவரிடம் சினம் கொள்ளாதீர்கள். கழிப்பிடம் எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

கோலத்தைப் பற்றிக் கேட்பவர் உண்டு. ‘போர்ட்லாந்து எதற்கு? நம் பெண்கள் நாள்தோறும் தெருவில் வரையவில்லையா?’ என்பர். வரைகின்றனர். புள்ளிக்குப் புள்ளி பிழையாமல் கம்பி வளையும் அந்தக் கணக்கறிவை, அரிசி மாவிலே தேய்ந்துபோகும் அந்தத் திறத்தை, ஓவியக் கல்லூரி எதுவும் கற்பிக்கவில்லை. பெயர் போடாத கலைஞர் வரிசையிலே, பத்மநாபபுரத்து ஓவியனுக்கு அடுத்து நிற்கவேண்டியவள் நம் வீட்டுப் பெண்தான். ஆயினும் கோலத்திற்கு ஓர் எல்லை உண்டு: அது தன் வாசலோடு நின்றுவிடுகிறது. என் கோலம் என் படிக்கட்டுக்கு, உன் கோலம் உன் படிக்கட்டுக்கு. இரண்டுக்கும் நடுவிலே உள்ள தெரு, யாருடையதும் ஆகாமல், வெறுமையாகக் கிடக்கிறது.

ஒருநாள் அந்த எல்லை உடைந்தது. 2019 டிசம்பர் 29-இல், சென்னைப் பெசன்ட் நகரிலே, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் சிலர் தெருவில் கோலமிட்டனர். கோலமாவைக் கண்டு அஞ்சிய காவல்துறை அவர்களைப் பிடித்துச் சென்று பின்னர் விடுவித்தது. விளைவு? மறுநாளே கழகத் தலைவர்களின் வீட்டு வாசல்களிலும் தொண்டர்களின் வாசல்களிலும் அதே கோலம்! வாசலுக்கு வாசல் தாவி, ஒரே கோலம் பல தெருக்களின் கோலம் ஆயிற்று. மாவு அதே மாவு, விரல் அதே விரல். ‘என் வாசல்’ என்ற எண்ணம் ‘நம் தெரு’ என்று மாறியது ஒன்றுதான் புதிது. தெருவோவியம் என்று நாம் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

இப்பொழுது கசப்பான பகுதிக்கு வருகிறோம். தெருவார் கூடித் தீட்டிய ஓவியம் தென்மாவட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது! மின்கம்பத்தில் இரண்டு நிறம், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இரண்டு நிறம், பேருந்து நிழற்குடையில் இரண்டு நிறம். அது அழகுக்காக அன்று. ‘இது எங்கள் சாதியின் எல்லை’ என்று அறிவிப்பதற்காக. இளைஞர்களே கூடி, கைக்காசு போட்டு வண்ணம் வாங்கி, ஒற்றுமையாக உழைத்துத் தீட்டியவை. கூட்டுழைப்பு உண்டு, ஆர்வம் உண்டு, வண்ணமும் உண்டு. ‘அக்கம்பக்கத்தார் கூடிச் செய்தது எதுவாயினும் நல்லதே’ என்று மயங்கிப் பேசுவோர் இந்தக் கம்பங்களின் முன்னே வந்து நிற்கட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் சிறிது தொலைவில் நாங்குநேரி. அங்கே 2023 ஆகஸ்டில், பள்ளி மாணவர் சிலர், நன்கு படித்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதிநாயகம் சந்துரு குழு, 2024 சூனில் தந்த அறிக்கையிலே, மாணவர் கையில் கட்டும் சாதி நிறக் கயிறுகளைத் தடைசெய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. கம்பத்தில் தீட்டிய நிறம்தான் கையில் கயிறாக ஏறிற்று. கயிறு ஏறிய கைதான் அரிவாளைத் தூக்கிற்று. நிறத்திற்கு இவ்வளவு வேலை உண்டு, தோழர்களே! ஆகவேதான் சுவரின் நிறத்தைப் பற்றி இத்தனை சொல்லவேண்டியிருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்திலே 2023-இல் காவல்துறை முன்னின்று தூண்ட, ஊர்மக்களே மின்கம்பங்களிலும் சுவர்களிலும் இருந்த சாதி அடையாளங்களை வண்ணம் பூசி அழித்தனர். அந்தச் செய்தியை நாளேடுகள் ஒரு மூலையிலே வெளியிட்டன. கலைப் பக்கத்திலே வெளியிட்டிருக்கவேண்டும் என்பது நம் கருத்து. உருவம் ஒன்றும் இல்லாத, வெறும் வெள்ளை பூசிய அந்தக் கம்பத்தை, இந்த நாட்டிலே தெருவார் கூடித் தீட்டியவற்றுள் தலைசிறந்த ஒன்றாக நாம் மதிக்கிறோம். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே சாதியாரைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6-இல் இடிக்கப்பட்டது. இடித்து உண்டாக்கிய அந்த வழியும், கலைநூலார் ஒப்பாவிடினும், ஒரு சுவரோவியமே.

குமரி மாவட்டத்திற்கு இதோடு மற்றொரு புண்ணும் உண்டு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டிலே மதத்தின் பெயரால் நிகழ்ந்த கலவரமும், துப்பாக்கிச் சூட்டிலே வீழ்ந்த உயிர்களும், அதன்பின் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே ஓடிய பிளவும் மறக்கத்தக்கன அல்ல. இன்றும் ஒரு தெருமுனையிலே குருசடி, மறுமுனையிலே சுடலைமாடன் பீடம், சற்றுத் தள்ளி நிழற்தாங்கல், அதற்கப்பால் பள்ளிவாசல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒவ்வொரு கொடிக்கும் ஒரு சுவர். ‘பொதுச்சுவர்’ என்று ஒன்று வேண்டுமானால் அதனைப் புதிதாகத்தான் உண்டாக்கவேண்டும். முடியாததா? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, கிணற்று நீருக்கும் தீட்டு உண்டு என்றிருந்த காலத்திலேயே, வைகுண்டர் சாமித்தோப்பிலே எல்லோருக்கும் பொதுவான முத்திரிக் கிணற்றைத் தோண்டினார். சிலை இருக்கும் இடத்திலே நிலைக்கண்ணாடியை வைத்தார். அவர் சமயவாதி, நாம் அல்லர். எனினும், பொதுக்கிணறு தோண்ட அன்று துணிந்த மண்ணிலே பொதுச்சுவர் தீட்ட இன்று தயக்கம் ஏன்?

‘படம் நன்றாக இராது, கைபழகாதவர் வரைந்தால் கிறுக்கலாக இருக்கும்’ என்பது ஒரு தடை. இதனை அலட்சியப்படுத்தும் தோழர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நோக்கம் நல்லது என்பதற்காகக் கிறுக்கலைப் போற்றுவது இரக்கம், மதிப்பன்று. ஏழைத் தெருவுக்கு அரைகுறை ஓவியம் போதும் என்பதும் ஒருவகை மேட்டிமைதான். வழி இருக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் மட்டை பிடித்துப் பழகி, இன்று வேறு வேலைக்குப் போய்விட்ட சுவரெழுத்தர்களைத் தேடிப் பிடியுங்கள். கட்டம் போட்டுச் சிறு படத்தைப் பெருஞ்சுவருக்கு ஏற்றும் வித்தை அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. ஆசிரியராக அழையுங்கள், கூலி கொடுங்கள், பெயரையும் சுவரில் எழுதுங்கள். பத்மநாபபுரத்துத் தவறு மீண்டும் வேண்டா.

பழைய கலையிலே புதிய கருத்தைப் புகுத்தினால் கலை கெடும் என்போருக்கு ஒழுகினசேரியிலே பிறந்த கலைவாணர் விடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணா உரையாடல் தீட்டிய ‘நல்லதம்பி’ படத்திலே, 1949-இல், அவர் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபத்தை நினைவுகூருங்கள். அதே சிப்ளா, அதே மேடை, அதே இராகம். ஆனால் நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கிய இடத்திலே, கிந்தன் படிப்புக்கு ஏங்கினான்! சிரித்துக்கொண்டே வந்தவர்கள் சிந்தித்துக்கொண்டே எழுந்து சென்றனர். அந்தக் கலைவாணரின் ஊர்க்காரர்களுக்குச் சுவரிலே என்ன வரைவது என்று வெளியூரான் சொல்லித்தரவேண்டுமோ?

பொருளுக்குப் பஞ்சமா இந்த மாவட்டத்திலே! பனையுச்சியில் நிற்பவனின் கால். வலை இழுப்பவர்களின் முதுகு. நார் திரிக்கும் பெண்ணின் உள்ளங்கை. விடியுமுன் ரப்பர் மரத்தைக் கீறச் செல்பவனின் நெற்றி விளக்கு. 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணைக்குக் கல் சுமந்தவர்கள். சுசீந்திரத் தெருவிலே தடுப்பைத் தாண்டிய கால்கள். தோளிலே துணி போட்டு நிமிர்ந்து நடந்தவள். அவளை நாஞ்சில் நாட்டுச் சுவரொன்றிலே ஆளுயரத்திற்கு மேல் வரைந்து காண நமக்கு நெடுநாள் ஆசை. ஆனால் எது வரவேண்டும் என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. செய்தால், இதுவரை கூறியது அனைத்தும் பொய்யாகும். தெருவார் பூவும் கிளியும்தான் வேண்டும் என்றால் பூவும் கிளியும் வரட்டும். சேரியிலிருந்து வந்தவரும் கடற்கரையிலிருந்து வந்தவரும் மாடிவீட்டுக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து வாதாடி முடிவு செய்த கிளியானால், அந்தக் கிளிக்கு வணக்கம்.

குமரியிலே ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் ஊறிய சுவரிலே பூசிய நிறம் அடுத்த மழைக்குள் பாசிபிடித்துப் பொருக்காக உதிர்ந்துவிடும். தை பிறந்து சுவர் காய்ந்தபின், பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, விரிசலை அடைத்து, வெள்ளை இருமுறை பூசி ஆறவிட்டுத் தொடங்குவதே முறை. அதற்கு முன்பாகத் தெருக்கூட்டம் கூடவேண்டும். கூட்டத்தைக் கோவில் திண்ணையில் வைத்தால் ஒரு பாதியினர் வரமாட்டார்கள். தேவாலய மண்டபத்தில் வைத்தால் மறு பாதியினர் வரமாட்டார்கள். பெரிய வீட்டு முற்றத்தில் வைத்தால், வந்தவர்களிலும் சிலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அந்தச் சுவருக்கு எதிரே, நடுத்தெருவிலேயே பாயை விரியுங்கள்.